முழுமையாகாத வருடங்கள்

1993–94: முழுமையான வருடம் அல்ல.
1994–95: முழுமையான வருடம் அல்ல.
1995–96: முழுமையான வருடம் அல்ல.

மகள் தன் லப்டொப்பை என் பக்கம் திருப்பி வைத்தபோது ஆங்கிலத்தில் இப்படித்தான் வரிசையாக எழுதியிருந்தது. கீழே இழுக்க இழுக்க 2000–01 வரைக்கும் அதே வசனம். அவள் பிறந்தது 1993 மாசியில். சவுத்ஹோலில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை, ஈரம் ஊறிய சுவர், காசு போட்டால் மட்டும் எரிகிற கேஸ் மீற்றர். அடுத்தவன் பிறந்தது 1996இல். அந்த எட்டு வருடத்தில் ஒரு முழு இரவு நித்திரை கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யாமல் சும்மா இருந்திருக்கிறீங்கள் போல" என்று அவள் பகிடி விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது பிரிட்டனின் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவு, அதாவது சம்பளத்தில் பிடிக்கிற சமூகக் காப்புறுதிக் காசின் கணக்கு. இந்த நாட்டில் ஒருவருக்கு அரச ஓய்வூதியம் எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்தப் பக்கம்தான் தீர்மானிக்கிறது. லண்டனுக்கு வந்து 32 வருடம் கழித்து, 57 வயதில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு கோயிலிலும் கலியாண வீடுகளிலும் என் வயதுக்காரரிடம் விசாரித்தேன். வீட்டுக் கடன் இன்னும் எத்தனை மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடுகிற சீட்டில் எத்தனையாவது தவணை என்றும் தெரியும். இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் 'பென்சன்' என்ற சொல்லே வேறு அர்த்தத்தில்தான் பழக்கம். ஊரில் பென்சன் என்றால் அரசாங்க உத்தியோகம். அப்பா ஆசிரியர். மாதம் பிறந்தால் பென்சன் எடுக்கப் போவார், அன்றைக்குச் சந்தையால் வரும்போது பையில் ஒரு பெரிய மீன் இருக்கும். கமக்காரருக்கும் கடைக்காரருக்கும் பென்சன் இல்லை. அந்த நினைப்போடு இங்கே வந்தவர்கள் நாங்கள். பெற்றோல் ஸ்டேஷனிலும் சுப்பர் மார்க்கெட்டிலும் நிற்கிற எங்களுக்கு என்ன பென்சன் என்று விட்டுவிட்டோம். இன்னொரு கூட்டம் நேர்மாறு: "வெள்ளைக்காரன்ர நாடு, வயசு போனால் எல்லாருக்கும் தருவான்." இரண்டும் பிழை. இங்கே பென்சன் உத்தியோகத்துக்கும் இல்லை, வயதுக்கும் இல்லை. வருடங்களுக்கு.

2016 ஏப்ரல் 6 தொடங்கி ஓய்வு வயதை அடைகிறவர்களுக்குப் புதிய அரச ஓய்வூதியம். முழுத்தொகை, 2025–26 கணக்கில், கிழமைக்கு 230.25 பவுண்ட். 2016க்கு முந்திய கணக்கு எதுவும் குறுக்கே வராவிட்டால், அதற்கு 35 'தகுதியான வருடம்', அதாவது பதிவில் 'முழுமையான வருடம்' என்று விழுந்த வருடம், வேண்டும். பத்துக்குக் குறைந்தால் ஒரு சதமும் இல்லை. பத்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் இருந்தால், இருக்கிற வருடங்களை 35ஆல் பிரித்துத் தருவார்கள். ஒரு வருடத்தின் பெறுமதி கிழமைக்கு ஏறக்குறைய 6.58 பவுண்ட், ஆண்டுக்கு 342 பவுண்ட் அளவில்.

இதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. சம்பளம் எவ்வளவு என்பது இப்போது கணக்கில் இல்லை. ஹார்லி ஸ்ட்ரீற் டொக்டருக்கும் ஹரோவில் கடைக் கவுண்டரில் நிற்கிற தம்பிக்கும் ஒரு வருடம் ஒரு வருடம்தான். ஆனால் அந்த வருடம் பதிவில் விழ வேண்டும்.

இதைச் சீட்டு மாதிரி நினைக்கிறவர்கள் பலர். "நான் கட்டின காசு அங்க கிடக்குத்தானே, கேட்டால் தருவாங்கள்." அங்கே எங்கள் பெயரில் ஒரு உண்டியலும் இல்லை. இன்றைக்கு வேலை செய்கிறவர்கள் கட்டுகிற காசு இன்றைக்கு ஓய்வில் இருப்பவர்களுக்குப் போகிறது. எங்களுக்கு மிஞ்சுவது பதிவில் ஒரு வரி மட்டும். சீட்டு என்றால் கழிவு போட்டு முந்தி எடுக்கலாம். இதை முந்தி எடுக்கவும் முடியாது, நாங்கள் செத்தால் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது.

பழைய ஆட்கள் இன்றைக்கும் 'ஸ்டாம்ப் கட்டுறது' என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் வேலை கொடுப்பவர் கிழமைக்குக் கிழமை அட்டையில் முத்திரை ஒட்ட வேண்டும். 1975இல் அந்த அட்டை நின்றுவிட்டது, சொல் நிற்கவில்லை. என் மாமா 1972இல் படிக்க வந்தவர், அவர் வாயில் வேறு சொல் வராது. அவரைப் பற்றிப் பிறகு.

எங்கள் வருடங்கள் எங்கே தொலைந்தன? இவருடையது, என் கணவருடையது, சுலபமான கதை. 1988இல் வந்து அகதி விண்ணப்பம் போட்டார். 1989 தொடங்கி மூன்று வருடம் பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றில் இரவு வேலை. முதலாளி எங்கட ஆள்தான். கையில் காசு. சம்பளத் துண்டு இல்லை, வரி இல்லை, எங்கும் பதிவு இல்லை. அப்போது அது உதவி போலத்தான் இருந்தது. பிடித்தம் இல்லாமல் முழுக் காசும் கையில் வருகிறதே என்று சந்தோஷம் வேறு. பதிவைப் பார்த்தால் அந்த மூன்று வருடமும் வெறுமை. "நான் லண்டனிலயே இருக்கேல்லைப் போல" என்றார் இவர். பனிக்குள் கண்ணாடிப் பெட்டியில் இரவிரவாக நின்ற ஆள்.

என் கதை கொஞ்சம் சிக்கல். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, 2013இல் வேலைக்குப் போனேன். பகலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறை, கிழமைக்கு 14 மணித்தியாலம். மாலையில் ஒரு அலுவலகக் கட்டடம் துப்பரவாக்குவது, அதுவும் 14 மணித்தியாலம். இரண்டும் வேறு வேறு கம்பனி, இரண்டிலும் சம்பளத் துண்டு உண்டு, எல்லாம் சட்டப்படி. ஆறு வருடம் அப்படி ஓடினேன். பதிவில் அந்த ஆறு வருடமும் 'முழுமையான வருடம் அல்ல.'

காரணம் இதுதான். ஒரு வேலையில் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் உழைத்தால்தான் அந்த வருடம் கணக்கில் வரும். 2025–26இல் அந்த எல்லை கிழமைக்கு 125 பவுண்ட், நான் ஓடித் திரிந்த காலத்தில் 109இலிருந்து 116 வரை. என் இரண்டு வேலையும் தனித்தனியாக அதற்குக் கீழே. இரண்டையும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரே இடத்தில் 28 மணித்தியாலம் நின்றிருந்தால் ஆறு வருடமும் விழுந்திருக்கும். இதைவிட வேடிக்கை, 125க்கும் 242க்கும் இடையில் சம்பளம் எடுப்பவரிடம் நேஷனல் இன்சூரன்ஸ் ஒரு சதமும் பிடிப்பதில்லை, ஆனாலும் அவருக்கு வருடம் விழுகிறது. அவரும் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. அவருக்கு வருடம், எனக்கு வெறுமை. பள்ளிச் சமையலறையிலும் துப்பரவு வேலையிலும் இருக்கிற எங்கட பெண்கள் தயவுசெய்து சம்பளத் துண்டை ஒருமுறை பாருங்கள். மேலாளரிடம் கேட்டு ஒரு இடத்தில் இரண்டு மணித்தியாலம் கூட்டினாலே சில வேளை எல்லை தாண்டும்.

இனி அந்த எட்டு வருடம். பிள்ளை வளர்த்த வருடங்கள் கணக்கில் வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரும். 1978இலிருந்து 2010 வரை, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காக அரசாங்கம் தருகிற சைல்ட் பெனிபிற் காசை எடுத்த தாய்க்கோ தகப்பனுக்கோ 'ஹோம் ரெஸ்பொன்சிபிலிற்றீஸ் புரொடெக்ஷன்' என்று ஒரு பாதுகாப்பு இருந்தது. 2010இல் அது வருட வரவாக மாறியது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சைல்ட் பெனிபிற் எடுத்தால் போதும், வீட்டில் இருந்தபடியே வருடம் விழும். என் பதிவிலும் 2001–02 தொடங்கி 2012–13 வரை பன்னிரண்டு வருடம் அப்படி அழகாக விழுந்திருந்தது. சின்னவன் பிறந்தது 2001 சித்திரையில்.

அப்படியென்றால் மூத்தவளுக்கு எடுத்த காலம் எங்கே?

இரண்டு கிழமை மண்டையைப் போட்டுக் குழப்பிய பிறகுதான் பிடிபட்டது. 2000 மே மாதத்துக்கு முன்னர் சைல்ட் பெனிபிற் படிவத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் எழுதுவது கட்டாயம் இல்லை. 1993இல் எனக்கு அந்த இலக்கமே கிடையாது. பெயர், விலாசம், பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான் கொடுத்தேன். காசு ஒழுங்காக வந்தது. ஆனால் அந்தக் காசு வாங்கிய பெண்ணும் பின்னால் இலக்கம் எடுத்த பெண்ணும் ஒருத்திதான் என்று பதிவுக்குத் தெரியாது. 2001இல் சின்னவனுக்காகப் போட்ட படிவத்தில் இலக்கம் எழுதினேன், அன்றைக்குத்தான் நான் தாயானேன், பதிவின் கணக்கில்.

நாடு முழுக்க இப்படிப் பல பெண்களுக்கு விடுபட்டிருக்கிறது. 2023இலிருந்து அரசாங்கமே சந்தேகப்படுகிற ஆட்களுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. எனக்குக் கடிதம் வரவில்லை. விடுபட்ட அந்த வருடங்களைக் கேட்கிற சி.எஃப் 411 என்ற படிவத்தை 2024 தொடக்கத்தில் நானே போட்டேன். சைல்ட் பெனிபிற் என் பெயரில் இருந்தது நல்ல காலம். எங்கட வீடுகளில் படிவம் என்றால் ஆம்பிளைதானே நிரப்புவார், அவர் தன் பெயரையே போட்டிருப்பார். அப்படியானால் வேலை செய்து ஏற்கெனவே வருடம் விழுந்த அவருக்கே இதுவும் போய், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதையும் மனைவி பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு பெரிய பிழை விடப் பார்த்தேன். கோயிலில் அறிமுகமான ஒரு அக்கா, நல்ல மனுஷி, சொன்னா: "வருசத்தைக் காசு குடுத்து வாங்கலாம் பிள்ளை. 2006 வரைக்கும் பின்னுக்குப் போகலாமாம். ஏப்ரல் அஞ்சாம் திகதியோட பூட்டுறாங்கள். இருக்கிற ஓட்டை எல்லாத்தையும் அடைச்சுப் போடு." அவ சொன்னது உண்மைதான். வழமையாக ஆறு வருடம் மட்டுமே பின்னோக்கிக் கட்டலாம். 2006 வரை போகலாம் என்று தந்த சலுகை 2025 ஏப்ரல் 5உடன் முடிந்தது. அந்த நேரம் ஒரு முழு வருடத்தின் விலை 824.20 பவுண்ட். என் இரண்டு வேலை ஓட்டை ஆறும் சேர்த்து 4,945. இவர் வங்கிக் கணக்கைப் பார்த்து, "சீட்டுக் காசு வருகுதுதானே, கட்டுவம்" என்றார்.

மகள்தான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டாள். நான் பிறந்தது 1966 ஆவணி, ஓய்வு வயது 67, ஆகவே 2033. அதுவரை வேலை செய்தால் எதிர்காலத்தில் விழப் போகிற வருடம் ஒன்பது. ஏற்கெனவே பதிவில் இருப்பது பதினேழு. மொத்தம் 26. சி.எஃப் 411 பலித்தால் எட்டு கூடும், 34. குறைவது ஒன்றே ஒன்று. ஆறையும் வாங்கியிருந்தால் ஐந்து வருடத்தின் காசு, 4,121 பவுண்ட், சும்மா போயிருக்கும். 35க்கு மேல் நாற்பது இருந்தாலும் முழுத்தொகைக்கு மேல் ஒரு சதமும் ஏறாது.

எட்டு வருடமும் 2024 இலையுதிர் காலத்தில் பதிவில் வந்தது. 1993–94: முழுமையான வருடம். நான் அதைப் படம் எடுத்து மூன்று பிள்ளைகளுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். சின்னவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைப் போட்டான், அவனுக்கு என்ன விளங்கும். அடுத்த மாசியில் ஒரே ஒரு வருடத்துக்கு, 2018–19க்கு, 824.20 கட்டினேன். ஆண்டுக்கு 342 வரும் என்றால் இரண்டரை வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். அதற்குப் பிறகு சாகும்வரை லாபம். இதைவிடப் பாதுகாப்பான முதலீடு எனக்குத் தெரியாது, அதுவும் எங்கட ஆட்கள் உள்ளே போய் மாட்டிய முதலீடுகளைப் பார்த்த பிறகு. பிறகு விலை கூடிவிட்டது, 2025–26இல் ஒரு வருடம் 923 பவுண்ட். அப்படியும் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் லாபம் குறைந்த வருடங்களுக்கு இதைவிட மிகக் குறைவாகக் கட்டலாம், 2025–26 கணக்கில் ஆண்டுக்கு 182 பவுண்ட். மினிகாப் ஓடுகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. எதுவானாலும் முதலில் இலவசமாகத் திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், காசு அதற்குப் பிறகு.

இலவசம் என்றதும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒன்று, பேரப்பிள்ளை பார்க்கிற அம்மம்மாக்கள், அப்பம்மாக்கள். ஓய்வு வயது ஆகாமல், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள் என்றால், வேலைக்குப் போகிற மகள் தனக்குச் சைல்ட் பெனிபிற் மூலம் விழுகிற வருடத்தை உங்களுக்கு விட்டுத் தரலாம். 2011இலிருந்து இருக்கிற வசதி. மகளுக்கு அவள் வேலையால் எப்படியும் வருடம் விழும். மற்றது, நல்ல சம்பளக்காரப் பிள்ளைகள். கணவனின் சம்பளம் எல்லை தாண்டியதால் சைல்ட் பெனிபிற்றைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும் என்று விண்ணப்பமே போடாமல் விடுகிறார்கள். காசு வேண்டாம் என்று படிவத்தில் குறித்தாவது போட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் நிற்கிற மருமகளுக்கு வருடம் போய்விடும்.

இவருடைய பக்கத்தில் வேறொரு புதிர். 32 வருடம் இருக்கிறது, ஆனால் காட்டிய தொகை 32 வருடத்துக்குரியது அல்ல, குறைவு. மனுஷன் கோபத்தில் ஃபோனைத் தூக்கிவிட்டார். விடயம் இதுதான்: 2016க்கு முன்னர் சில வேலைகளில் 'கொன்ட்றாக்ற் அவுட்' என்ற ஏற்பாடு இருந்தது. வேலையிடத்திலேயே நல்ல பென்சன் இருந்தால் நேஷனல் இன்சூரன்ஸைக் கொஞ்சம் குறைத்துக் கட்டலாம், அதற்கேற்ப அரச பென்சனும் குறையும். இவர் வருடக்கணக்காக மருத்துவமனையில் போர்ட்டர். அந்தக் காலத்துக்கு என்.எச்.எஸ் என்ற அரச மருத்துவ சேவையின் பென்சன் தனியாக வரும், ஆகவே உண்மையில் இழப்பு இல்லை. 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் ஒரு தொடக்கத் தொகை போட்டார்கள். அதற்குப் பிறகு உழைக்கிற ஒவ்வொரு வருடமும் அந்தத் தொகையை முழுத்தொகை வரை ஏற்றிக்கொண்டு போகும். ஓய்வுக்குள் இவர் கிட்டத்தட்ட எட்டிவிடுவார். வருட எண்ணிக்கையை மட்டும் பார்த்து நெஞ்சில் கை வைக்காதீர்கள், எதிர்பார்க்கும் தொகை என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

ஐரோப்பாவால் வந்தவர்களும் எங்களில் நிறைய. ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து என்று பத்து வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டன் வந்த குடும்பங்கள். இங்கே எட்டு வருடம்தான் இருக்கிறது, பத்து இல்லையே என்று பயப்படத் தேவையில்லை. அந்த நாட்டில் கட்டிய வருடங்களைச் சேர்த்துப் பத்து ஆகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் இங்கே தருவது எட்டு வருடத்துக்கு மட்டும், மற்றதை அந்தந்த நாடு தர வேண்டும். ஒல்லாந்தில் வேலை செய்திருக்கவே தேவையில்லை, அங்கே வசித்த ஒவ்வொரு வருடத்துக்கும் முழுப் பென்சனில் 2 வீதம் சேரும். அதைக் கேட்காமல் விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வயதைப் பற்றிச் சுருக்கமாக: 66 என்பது 2026 ஏப்ரலிலிருந்து 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது. 1961 மார்ச் 6 தொடங்கி 1977 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 67. ஒரு காலத்தில் பெண்களுக்கு 60. 1995இல் போட்ட சட்டம் அதை மாற்றியது, 2011இல் இன்னும் விரைவுபடுத்தினார்கள். தங்களுக்கு உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை என்று 1950களில் பிறந்த பெண்கள் வருடக்கணக்காகப் போராடியும் 2024 மார்கழியில் நட்ட ஈடு இல்லை என்று அரசாங்கம் கைவிரித்துவிட்டது.

இன்னொன்று, வயது வந்ததும் தானாகக் காசு வராது. கடிதம் வரும், வராவிட்டாலும் நாங்களே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் ஒத்திப் போட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஒன்பது கிழமைக்கும் 1 வீதம் கூடும், ஒரு வருடத்துக்கு 5.8 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. விட்ட காசு திரும்ப ஏறத்தாழ பதினேழு வருடம் உயிரோடு இருக்க வேண்டும். சீனியும் பிரஷரும் உள்ள எங்கட ஆட்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காசு நான்கு கிழமைக்கு ஒருமுறை வரும். எந்த நாளில் என்பதை நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். 00–19 என்றால் திங்கள், 80–99 என்றால் வெள்ளி. எனக்கு வெள்ளி. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா.

இனி மாமா.

1972இல் கணக்கியல் படிக்க வந்து, ஒரு கவுன்சிலில் கணக்காளராக இருந்து, 2010 ஆனியில் 65 வயதில் ஓய்வு பெற்றார். போர் முடிந்து ஒரு வருடம். மாமியும் அவரும் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்த பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது முழு அடிப்படை அரச பென்சன் கிழமைக்கு 97.65 பவுண்ட். 2025–26இல் லண்டனில் அதே பழைய திட்டத்தில் இருக்கிற ஒருவருக்கு 176.45. மாமாவுக்கு இன்றைக்கும் 97.65.

ஒவ்வொரு ஏப்ரலிலும் சம்பள உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 வீதம் மூன்றில் எது கூடவோ அதன்படி அரச பென்சன் ஏறும். மூன்று பூட்டு என்பார்கள். பூட்டுக்குத் திறப்பு எங்கே வசிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ சுவிஸிலோ இருந்தால் ஏறும். அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீசியஸ் போல ஒப்பந்தம் உள்ள நாடுகளிலும் ஏறும். இலங்கை, இந்தியா, அவுஸ்திரேலியா, கனடாவில் ஏறாது. போன அன்றைக்கு என்ன தொகையோ அதிலேயே உறைந்துவிடும். மகளோடு நியூ ஜேர்சியில் போய் இருந்தால் ஏறும், மகனோடு கனடாவின் ஸ்காபரோவில் இருந்தால் ஏறாது. இப்படி உறைந்தவர்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர். தென்னாபிரிக்காவில் குடியேறிய அனெற் கார்சன் என்ற பெண்மணி இதை எதிர்த்து, அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார். பிறகு ஸ்ட்றாஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கும் போனார், 2010 மார்ச்சில் அங்கேயும் 11க்கு 6 என்று தோல்வி.

மாமாவுக்குப் பல வருடம் இது உறைக்கவில்லை. போன புதிதில் ஒரு பவுண்டுக்கு 200 ரூபாய்க்கும் குறைவு, இப்போது 400 ரூபாய் அளவில். ரூபாய் விழுந்த கெடுதியில், கையில் வருகிற தொகை வருடத்துக்கு வருடம் கூடுவது போலவே தெரிந்தது. 2022இல் மருந்துக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றபோதுதான் தொகை ஏறவில்லை, காசு இறங்கியிருக்கிறது என்று பிடிபட்டது. இத்தனைக்கும் கணக்காளர். கவுன்சில் பென்சன் மட்டும் எங்கிருந்தாலும் ஏறுவதால் தப்பிக்கிறார். அது இல்லாமல் கடை வேலை மட்டும் செய்துவிட்டுப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

2023இல் பேத்தியின் கலியாணத்துக்கு ஆறு கிழமை வந்து நின்றார். பிரிட்டனில் நிற்கிற நாட்களுக்கு அன்றைய விகிதப்படி தருவார்கள் என்று அறிந்து, வந்ததும் அறிவித்தார். அந்த ஆறு கிழமையும் கிழமைக்கு 156.20. விமானம் ஏறினார், மறுபடி 97.65. "நான் இஞ்ச நிண்டால் விலை கூடின ஆள், அங்க போனால் மலிவு" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த இவரின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம். இவருக்கும் ஊரில் ஒரு துண்டுக் காணி இருக்கிறது, அதில் வேப்பமரம் வைத்து ஒரு சின்ன வீடு கட்டும் கனவும் இருக்கிறது. "ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இஞ்ச இருந்தால் ஏறும்தானே?" என்று இப்போதும் கேட்பார். ஆட்கள் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் பார்ப்பது நாள் கணக்கு மட்டுமல்ல, நீங்கள் வழமையாக வசிக்கும் இடம் எது என்பது. நாங்கள் 2033க்குப் பிறகுதான் முடிவு எடுப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதாவது நான் பேசி வைத்திருக்கிறேன்.

போன மாதம் மாமா அழைத்தார். வெளிநாட்டில் பென்சன் வாங்குகிறவர்களுக்கு அவ்வப்போது ஒரு பத்திரம் வரும். உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு ஒருவரிடமும் கையெழுத்து வாங்கி, பதினாறு கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பென்சன் நின்றுவிடலாம். வெயிலுக்குள் குடையும் பிடித்துக்கொண்டு, எண்பது வயதில் அதற்காக அலைந்திருக்கிறார்.

"முடிஞ்சுது பிள்ளை," என்றார். "இன்னும் சாகேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டன். அதே 97.65க்கு."